துணியைக் கீழே வை, தண்ணீரைத் தேடு

மேட்டுப்பாளையத்தில் கார் ஏசி வேலை பார்ப்பவனுக்கு ஆண்டில் இரண்டு பருவம். சித்திரை, வைகாசியில் வருகிறவர்கள் "கூலிங் பத்தலைங்க" என்பார்கள். ஐப்பசி மழை தொடங்கித் தை முடியும்வரை வருகிறவர்கள் "முன்கண்ணாடி மூடிக்குதுங்க, ரோடே தெரியறதில்லைங்க" என்பார்கள். கூலிங் வேலைக்குக் கேஜ் உண்டு. மாட்டினால் இரண்டு முள்ளும் பாதிக் கதையைச் சொல்லிவிடும். கண்ணாடி மூடுவதைக் கண்டுபிடிக்க அப்படி எதுவும் கிடையாது. விரல், மூக்கு, காது, உள்ளங்கை இந்த நான்கும்தான் நம் கருவி. வேலைக்கு வரும் தம்பிகள் பெரும்பாலும் கேஸ் சார்ஜ் பண்ணக் கற்றுக்கொண்டதோடு நின்றுவிடுகிறார்கள். கண்ணாடி வேலையில் அலைச்சல் அதிகம், காசு குறைவு என்பது அவர்கள் கணக்கு. குன்னூர் மலைப்பாதையில் எதிரே பஸ் திரும்பும் நேரத்தில் கண்ணாடி வெள்ளையாகிவிட்டால் வண்டிக்குள் இருக்கும் குடும்பத்தின் கதி என்ன என்று நினைத்துப் பாருங்கள். இந்த வேலையை ஏன் ஒழுங்காகக் கற்க வேண்டும் என்பது அப்போது புரியும்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மேஸ்திரி அம்பாசிடரும் பத்மினியும் ஓடிய காலத்து ஆள். அந்த வண்டிகளில் முன்கதவில் முக்கோணமாக ஒரு சின்னக் கண்ணாடி இருக்கும். அதை இரண்டு விரல் அகலம் திறந்து வைத்தால் உள்காற்று வெளியே இழுபடும், முன்கண்ணாடி தானாகத் தெளியும். ஏசி வந்ததும் அந்தச் சின்னக் கண்ணாடி போய்விட்டது. வண்டியை இறுக மூடிக்கொண்டு ஓட்டப் பழகிவிட்டோம். "காத்து போறதுக்கு வழி வெச்சிருந்தாங்க கண்ணு, இப்ப வழியை நாமதான் தேடணும்" என்பார்.

அவர் கொடுத்த முதல் பாடம், வண்டி வந்ததும் ஸ்பேனரைத் தொடக்கூடாது. ஓட்டுகிறவரை உட்காரவைத்துக் கேட்க வேண்டும். காலையில் ஸ்டார்ட் பண்ணியதுமே மூடுகிறதா, ஓடிய பிறகா? ஏசி ஓடும்போதா, நிறுத்தியதுமா? ஓர் ஆள் போனாலும் மூடுகிறதா, ஆள் நிறைந்தால்தானா? மழை பெய்யாத நாளிலும் உண்டா? வண்டிக்குள் ஏதாவது வாசனை வருகிறதா? கண்ணாடி கடைசியாக எப்போது மாற்றியது? சமீபத்தில் ஸ்பீக்கர், சீட் கவர், மேட் ஏதாவது புதிதாகப் போட்டார்களா? இவற்றுக்குப் பதில் கிடைத்தாலே எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தெரிந்துவிடும்.

தியரி இந்த வேலைக்குக் கொஞ்சம் போதும். சூடான காற்று தண்ணீரை அதிகம் தாங்கும், குளிர்ந்த காற்று குறைவாகத் தாங்கும். 25 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 23 கிராம் தண்ணீரை ஆவியாக வைத்துக்கொள்ள முடியும். 10 டிகிரிக்கு இறங்கினால் 9 கிராம் சொச்சம்தான். குளிர்ந்த கண்ணாடியைத் தொடும் காற்று, தாங்க முடியாத மிச்சத்தை அதன்மேலேயே விட்டுவிடுகிறது. ஐஸ் மோர் ஊற்றிய சொம்பு வெளிப்பக்கம் வேர்ப்பதும் இப்படித்தான். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டர் சொச்சம், ஊட்டி 2,240 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஆறரை டிகிரி குறையும். கீழே ஏறிக்கொண்ட ஈரக்காற்று வண்டிக்குள் அப்படியே இருக்க, கண்ணாடி மட்டும் பன்னிரண்டு டிகிரி குளிர்ந்துவிடுகிறது. ஓர் ஆள் சும்மா உட்கார்ந்திருந்தாலே மூச்சிலும் தோலிலுமாக மணிக்கு ஏறத்தாழ 50 கிராம் தண்ணீரை விடுகிறார். ஐந்து பேர் ஏறிய வண்டியில் ஊட்டி போய்ச் சேருவதற்குள் கால் லிட்டருக்கு மேல் தண்ணீர் காற்றில் கலந்திருக்கும். நனைந்த குடையும் ஈரச் செருப்பும் வேறு.

ஆகவே நம் வேலை கண்ணாடியைத் துடைப்பதில் முடியாது. தண்ணீர் எந்த வழியாக வருகிறது, வந்த தண்ணீர் வெளியேற முடியாமல் எங்கே தடைபடுகிறது என்ற இரண்டையும் கண்டுபிடிப்பதே வேலை. பட்டறைக்கு வரும் பையன் கையில் துணியோடு வண்டிக்குள் ஏறினால் மேஸ்திரி சொல்வது ஒன்றுதான்: "துணியைக் கீழ வை. தண்ணியைத் தேடு."

தேடலை விரலில் தொடங்க வேண்டும். மங்கிய இடத்தில் உள்ளே இருந்து ஒரு கோடு, வெளியே இருந்து ஒரு கோடு போடுங்கள். எந்தக் கோடு தெளிகிறதோ அந்தப் பக்கம்தான் ஆவி. இரண்டு பக்கமும் தெளியாமல் ஓரங்களில் பால் நிறத்தில் நின்றால் அது ஆவியே இல்லை. முன்கண்ணாடி என்பது இரண்டு கண்ணாடித் தகடுகளை நடுவில் ஒரு பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது. அந்த ஒட்டு விட்டு ஈரம் புகுந்திருக்கிறது. கண்ணாடி மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

இந்த ஒரு கோட்டைப் போடாமல் நாள் முழுக்க வேலையைக் கெடுத்துக்கொண்ட பையன்களைப் பார்த்திருக்கிறேன். மார்கழியில் சென்னையிலிருந்து ஒரு வண்டி வந்தது. விடியற்காலையில் ஏசி போட்டு ஓட்டினால் கண்ணாடி மூடுகிறது என்றார் அதை ஓட்டி வந்த அண்ணன். எங்கள் பையன் குளோவ் பாக்ஸைக் கழற்றி, கேபின் ஃபில்டரை உருவி, புளோயரையும் இறக்கிவிட்டான். மேஸ்திரி வந்து கேட்டார்: "வைப்பர் போட்டா போகுதுங்களா?" "போகுதுங்க, ரெண்டு நிமிஷத்துல திரும்ப வருதுங்க." அவ்வளவுதான் விஷயம். ஆவி கட்டியது வெளிப்பக்கம். கடலோரத்து ஈரக்காற்று வெளியே. ஏசியின் குளிர் உள்ளிருந்து கண்ணாடியை நேராக அடிக்கிறது. காற்று கண்ணாடிமேல் படாமல் திசையைத் திருப்பி, குளிரைக் கொஞ்சம் குறைத்து, வைப்பரை ஒருமுறை ஓடவிட்டால் சரியாகிவிடும். அந்த வண்டியில் பழுது எதுவும் இல்லை. கழற்றிய பார்ட்டை எல்லாம் திரும்ப மாட்டத்தான் மாலையானது.

உள்பக்கம் என்று தெரிந்தால் அடுத்தது சுவிட்ச். வண்டிப் படத்துக்குள் அம்பு வளைந்து திரும்புகிற பட்டன் இருக்கிறதே, அதைப் போட்டுவிட்டால் உள்ளே இருக்கும் காற்றே திரும்பத் திரும்பச் சுற்றும். நகரத்துப் புகைக்கும் வெயிலுக்கும் அது நல்லது. மலையில், மழையில், ஏசியும் இல்லாமல் அதைப் போட்டு ஓட்டினால் மூச்சுக்காற்று முழுக்க உள்ளேயே தங்கும். கீழே வெயிலுக்குப் போட்ட பட்டனை மாற்றாமலேயே மலை ஏறிவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

இன்னொரு பழக்கம் அதைவிட வேரூன்றியது. "ஊட்டிக் குளிருக்கு எதுக்குங்க ஏசி?" என்று நிறுத்திவிடுவார்கள். ஏசி குளிரூட்டுவதற்கு மட்டும் என்றே நம் ஊரில் நினைக்கிறார்கள். கூலிங் காயில் ஓடும்போது அதன்மேல் படும் காற்று மூன்று நான்கு டிகிரி வரை இறங்கும். காற்றில் உள்ள தண்ணீர் காயில்மேல் படிந்து, சொட்டி, ட்ரெயின் பைப் வழியாக வண்டிக்கு அடியில் ஒழுகிப் போகும். காயிலைத் தாண்டி வரும் காற்றில் ஒரு கன மீட்டருக்கு ஆறு கிராம் தண்ணீர்தான் மிச்சம் இருக்கும். அதை ஹீட்டர் காயில் வழியாக விட்டுச் சூடாக்கினால் உலர்ந்த வெதுவெதுப்பான காற்று கிடைக்கும். கண்ணாடிக்கு வேண்டியது அதுதான். ஏசி ஆன், சூட்டுக் குமிழ் சிவப்புப் பக்கம், காற்று கண்ணாடிப் பக்கம், வெளிக்காற்று திறந்திருக்க வேண்டும். நான்கும் சேர்ந்தால் நல்ல வண்டியில் இரண்டு மூன்று நிமிடத்தில் கண்ணாடி தெளியும். பல வண்டிகளில் கண்ணாடிப் படம் போட்ட பட்டனை அமுக்கினால் ஏசியும் வெளிக்காற்றும் தானாகவே வந்துவிடும்.

இதில் நுணுக்கம் ஒன்று உண்டு. ஓடிக்கொண்டிருந்த ஏசியைத் திடீரென்று நிறுத்திவிட்டு புளோயரை ஓடவிட்டால் கண்ணாடி ஒரே நொடியில் மூடும். காயில்மேல் இருக்கும் தண்ணீரெல்லாம் ஆவியாகி நேராகக் கண்ணாடிக்கு வருகிறது. "ஏசி நிறுத்துனா மூடுது, போட்டா போகுது" என்று ஒருவர் சொன்னால் பழுதைத் தேடாதீர்கள். அது இயல்பு. பாதி மலையில் ஏசியை நிறுத்தாதீர்கள், வீட்டுக்கு வந்து சேரும்முன் கடைசி ஐந்து நிமிடம் ஏசியை நிறுத்தி புளோயரை மட்டும் ஓடவிடுங்கள், காயில் உலரும், பூஞ்சை வாசனையும் வராது என்று சொல்லி அனுப்ப வேண்டும்.

சுவிட்சுகள் சரியாக இருந்தும் சூடான காற்று வரவில்லையா? பானெட்டைத் திறங்கள். சமவெளிப் பட்டறைகளில் இரண்டு கைவேலை நடக்கும். இஞ்சின் சூடாகிறது என்று தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிப் போட்டுவிடுவார்கள். வால்வு இல்லாத இஞ்சின் மலைக் குளிரில் தன் சூட்டுக்கே வராது. பிறகு ஹீட்டருக்குச் சூடு எங்கிருந்து வரும்? இன்னொன்று, ஹீட்டர் காயில் ஒழுகினால் அதை மாற்றாமல் இரண்டு ஹோஸையும் ஒரு பைப்பால் இணைத்து, கிளாம்ப் போட்டு பைபாஸ் பண்ணிவிடுவார்கள். கோயம்புத்தூரில் ஓடும்வரை யாருக்கும் தெரியாது. மார்கழியில் ஊட்டிக்குப் போகும்போதுதான் தெரியவரும். ஃபயர்வாலில் உள்ளே போகும் இரண்டு ஹீட்டர் ஹோஸையும் வண்டி சூடானபிறகு தொட்டுப் பாருங்கள். இரண்டும் சூடாக இருந்தால் சரி. ஒன்று சூடு, ஒன்று ஆறியிருந்தால் காயில் அடைப்பு. ஹோஸ் உள்ளே போகவே இல்லை என்றால் பைபாஸ். பைபாஸ் பண்ணித்தான் ஆக வேண்டிய அவசரம் உங்களுக்கும் வரும். அப்போது வண்டிக்காரரிடம் சொல்லி, பில்லிலும் எழுதிக் கொடுங்கள்.

அடுத்தது மூக்கு. கதவைத் திறந்ததும் தலையை உள்ளே நுழைத்து ஒருமுறை மூச்சை இழுங்கள். வெளியே நின்று பேசிக்கொண்டிருந்துவிட்டு இழுத்தால்தான் வாசனை பிடிபடும். உள்ளே உட்கார்ந்தபின் மூக்கு பழகிவிடும். பூஞ்சை வாடை வந்தால் எங்கோ பழைய தண்ணீர் நிற்கிறது. பாகு காய்ச்சிய இனிப்பு வாசனை வந்தால் கூலண்ட். ஹீட்டர் காயில் மெல்லிய ஓட்டையில் ஒழுகி, அந்த ஆவி கண்ணாடிமேல் படிகிறது. சாதாரண ஆவியைத் துடைத்தால் போய்விடும். கூலண்ட் ஆவியைத் துடைத்தால் எண்ணெய்க் கோடாக இழுபடும், விரலில் பிசுபிசுக்கும். கூலண்ட் டப்பாவில் அளவு குறைந்துகொண்டே வரும், வண்டிக்கு அடியில் ஒரு சொட்டுக்கூட இருக்காது. டேஷ்போர்டு நடுக்கட்டைக்குப் பக்கத்தில் மேட்டுக்கு அடியில் வெள்ளைத் துணியை அழுத்திப் பார்த்தால் பச்சையோ சிவப்போ நிறம் ஏறும்.

உறுதிப்படுத்த, இஞ்சின் நன்றாக ஆறியபின் ரேடியேட்டர் மூடி இடத்தில் கைப்பம்ப் டெஸ்டரை மாட்டி, மூடிமேல் அச்சிட்டிருக்கும் அழுத்தம்வரை ஏற்றுங்கள். 0.9 அல்லது 1.1 பார் என்று இருக்கும். அதற்குமேல் ஒரு அடிகூட அடிக்காதீர்கள். நல்ல காயிலும் பிரிந்துவிடும். ஏற்றிவிட்டு அரைமணி நேரம் விட்டுவிடுங்கள். முள் இறங்கியும் வெளியே ஒழுகல் இல்லை என்றால் தண்ணீர் உள்ளே போகிறது. சூடான மூடியை எந்த அவசரத்திலும் திறக்கக் கூடாது. கூலண்ட் விஷம். இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கும். கீழே சிந்தியதை அப்போதே கழுவிவிடுங்கள்.

ஹீட்டர் காயில் மாற்றுவது நிறைய வண்டிகளில் டேஷ்போர்டை இறக்குகிற வேலை. இங்கேதான் பொறுமை தெரியும். முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றிச் சில நிமிடம் காத்திருங்கள். ஏர்பேக் இருக்கும் வண்டியில் அந்தக் காத்திருப்பு உயிருக்கானது. பிறகு ஓர் அட்டையை எடுத்து டேஷ்போர்டின் வடிவத்தை வரைந்துகொள்ளுங்கள். கழற்றும் ஒவ்வொரு திருகையும் அதன் இடத்திலேயே அட்டையில் குத்தி வையுங்கள். இது மேஸ்திரியின் கைமுறை. எல்லாத் திருகையும் ஒரே டப்பாவில் போட்டவன் மாட்டும்போது நீளத் திருகைக் குட்டை இடத்தில் ஏற்றி, அடியில் போகும் ஒயரைக் குத்திவிடுவான். கிளிப்பை இரும்பு ஸ்க்ரூடிரைவரால் நெம்பக் கூடாது. பிளாஸ்டிக் நெம்பியும், வெயிலில் கொஞ்சம் சூடேறிய டேஷ்போர்டும் இருந்தால் கிளிப் உடையாமல் வரும். காலைக் குளிரில் நெம்பினால் பாதி உடையும். பிரித்து மாட்டிய வண்டியில் கட்டைச் சத்தம் வந்தால், நீங்கள் காயில் மாற்றிய திறமை யாருக்கும் நினைவிருக்காது.

காதுக்கு வேலை கொடுப்பது ட்ரெயின் பைப். வண்டியை எடுத்து வளைவில் திருப்பும்போது டேஷ்போர்டுக்குள் தண்ணீர் தளும்பும் சத்தம் கேட்டால் காயில் பெட்டிக்குள் தண்ணீர் நிற்கிறது. ஏசி அரைமணி ஓடியும் வண்டிக்கு அடியில் ஈரம் இல்லை என்றாலும் அதே பொருள். நம் வண்டிகளில் பெரும்பாலும் டிரைவருக்குப் பக்கத்து சீட்டின் கால் வைக்கும் இடத்தில்தான் நனையும். பைப்பை அடைப்பது தூசி, இலைத்தூள், சில நேரம் குளவி கட்டிய மண்கூடு. கம்பியை விட்டுக் குத்துகிறவர்கள் உண்டு. கம்பி ஒரு சாண் கூடுதலாகப் போனால் அலுமினியக் காயில் ஓட்டையாகும், கேஸ் போகும், சின்ன வேலை பெரிய செலவாகும். பைப் முனையில் ரப்பர் மூக்கு இருந்தால் அதைக் கழற்றி, காற்று அழுத்தத்தைக் குறைத்து வைத்துச் சின்னச் சின்னதாக ஊதுங்கள். அடைப்பு விட்டதும் தேங்கிய தண்ணீர் கொட்டும். முகத்தை அடியில் வைத்துக்கொண்டு வேலை பார்க்காதீர்கள். பிறகு மேலிருந்து கொஞ்சம் தண்ணீர் விட்டு, போன அளவு வெளியே வருகிறதா என்று பார்த்தால்தான் வேலை முடிந்தது.

எல்லாவற்றையும்விட நேரம் கேட்பது உள்ளங்கை வேலை. மேட்டை மேலோட்டமாகத் தொட்டால் காய்ந்திருக்கும். அதற்கு அடியில் இருக்கும் தடித்த ஃபோம் லிட்டர் கணக்கில் தண்ணீரை வைத்துக்கொண்டிருக்கும். காலையில் வெயில் பட்டதும் அது ஆவியாகும், இரவில் கண்ணாடியில் படியும். மழை நின்று பத்து நாளாகியும் கண்ணாடி மூடுகிறது என்றால் முதலில் இங்கே வாருங்கள். கதவோரப் படிக்கட்டு டிரிம்மைக் கழற்றி, மேட்டைத் தூக்கி, பழைய செய்தித்தாளை ஃபோமுக்கு அடியில் வைத்து அழுத்துங்கள். நான்கு மூலையிலும் வையுங்கள். எந்தத் தாள் அதிகம் நனைகிறதோ அந்தப் பக்கத்திலிருந்து தேடல்.

தண்ணீர் புகும் வழிகள் பெரும்பாலும் பழக்கமானவை. முன்கண்ணாடிக்குக் கீழே வைப்பர் இருக்கும் கவுல் கவருக்குள் இலை நிறைந்து வடிகால் அடைபட்டால் தண்ணீர் புளோயர் வாயில் வழியாக உள்ளே இறங்கும். தேயிலைத் தோட்டத்தில் சில்வர் ஓக் மரத்தடியில் நிறுத்தும் வண்டிகளில் இது சாதாரணம். கீழே எங்கள் ஊரில் வேப்பிலை. கண்ணாடி மாற்றும்போது சீலண்ட் தடவியதில் இடைவெளி விட்டிருந்தால் தூண் வழியாக வழிந்து ஃபியூஸ் பெட்டிப் பக்கம் இறங்கும். சன்ரூஃப் இருந்தால் அதன் மூலைக் குழாய்கள் அடைபடும். டிக்கியில் ஸ்டெப்னிக் குழிக்குள் தண்ணீர் நின்றால் டெயில் லேம்ப் கேஸ்கட்டையும் டிக்கி பீடிங்கையும் பாருங்கள். பின்னால் நிற்கும் தண்ணீரும் முன்கண்ணாடியை மூடும் என்பதைப் பலர் நம்ப மாட்டார்கள்.

கோத்தகிரியிலிருந்து வந்த வண்டி ஒன்றை மூன்று இடத்தில் பார்த்திருந்தார்கள். ஓரிடத்தில் கண்ணாடி சீலண்ட் புதிதாகப் போட்டார்கள், ஓரிடத்தில் கதவு பீடிங் நான்கும் மாற்றினார்கள். டிரைவர் பக்கத்துப் பின்சீட்டு மேட் நனைவது நிற்கவில்லை. மேஸ்திரி வண்டியைச் சுற்றி வந்து கதவு டிரிம்மைத் தட்டிப் பார்த்தார். "ஸ்பீக்கர் எப்ப போட்டீங்க?" என்றார். தீபாவளிக்குப் போட்டதாகச் சொன்னார்கள். மழையில் கதவுக் கண்ணாடி வழியாகத் தண்ணீர் கதவுக்குள் இறங்குவது இயல்பு. அடியில் உள்ள துளைகள் வழியாக வெளியே போய்விடும். அது அறைக்குள் வராமல் தடுப்பது டிரிம்முக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாள். ஸ்பீக்கர் மாட்டியவர் ஒயர் இழுக்க அதைக் கிழித்துவிட்டு அப்படியே மூடியிருந்தார். புதுத் தாள் வெட்டி, கறுப்பு பியூட்டைல் டேப்பில் ஒட்டி, கீழ்விளிம்பைக் கதவுக்குள் சொருகிவிட்டோம். பொருள் செலவு கொஞ்சம்தான். கேட்க வேண்டிய கேள்வியை ஒருவரும் கேட்காததால் அந்தக் குடும்பம் ஒரு மழைக்காலம் முழுக்க அலைந்திருக்கிறது.

வாட்டர் டெஸ்ட் பண்ணும்போது மேலே இருந்து ஹோஸைத் திறந்துவிடாதீர்கள். எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்தால் எது வழி என்று தெரியாது. உள்ளே ஒருவர் டார்ச்சோடு படுத்திருக்க, வெளியே ஒருவர் கீழிருந்து தொடங்க வேண்டும். கதவின் அடி, பிறகு நடு, பிறகு கண்ணாடியின் கீழ்விளிம்பு, பிறகு ஓரம், கடைசியாகக் கூரை. ஓரிடத்தில் ஐந்து நிமிடமாவது மெல்லத் தண்ணீர் ஓட வேண்டும். சந்தேகப்படும் இடத்தில் உள்ளே டால்கம் பவுடரைத் தூவிவிட்டால் தண்ணீர் வந்த தடம் கோடாகத் தெரியும். சொட்டு விழும் இடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். தண்ணீர் ஒயர்க்கட்டின்மேல் ஊர்ந்து ஒரு முழம் தள்ளி வந்து சொட்டும். தடத்தைப் பின்னோக்கிப் பிடித்துப் போங்கள்.

வழியை அடைத்தபின் காயவைப்பது தனி வேலை. சீட்டைக் கழற்றி, ஃபோமை வெளியே எடுத்து, வெயிலில் இரண்டு நாள் நிறுத்த வேண்டும். மழைக்காலத்தில் டேபிள் ஃபேன், ஹாலோஜன் விளக்கு. சில பையன்கள் மேலே மட்டும் காய்ந்ததும் மாட்டிக் கொடுத்துவிடுவார்கள். வண்டி அடுத்த வாரமே திரும்ப வரும். ஃபோமைப் பிழிந்தால் ஒரு சொட்டும் வரக் கூடாது, முகர்ந்தால் வாடை வரக் கூடாது. அதுவரை வண்டிக்காரரிடம் இன்னொரு நாள் கேளுங்கள். கோபித்தாலும் கொடுப்பார்.

தண்ணீர் வெளியேறும் வழியையும் பார்க்க வேண்டும். கேபின் ஃபில்டர் அடைபட்டால் கண்ணாடிக்கு வரும் காற்றின் வேகமே குறைந்துவிடும். வெளியிலிருந்து உள்ளே வரும் காற்று போவதற்குப் பின் பம்பருக்கு உள்பக்கம் ரப்பர் நாக்கு வைத்த ஜன்னல்கள் உண்டு. டிக்கியில் சாமானை அடைத்தோ, சத்தம் வராமல் இருக்க ஷீட் ஒட்டியோ அதை மூடிவிட்டால் உள்ளே புதுக்காற்று வராது. சோதிக்க எளிய வழி இருக்கிறது. வெளிக்காற்றில் புளோயரை முழு வேகத்தில் வைத்து, ஒரு கதவுக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்குங்கள். உடனே முன்னால் காற்று அதிகமாக வந்தால் பின்வழி அடைபட்டிருக்கிறது.

எல்லாம் சரியாக இருந்தும் மூடினால் கண்ணாடியின் அழுக்குதான் காரணம். சுத்தமான கண்ணாடியில் ஆவி மெல்லிய படலமாகப் படிந்து சீக்கிரம் போகும். அழுக்குக் கண்ணாடியில் பொடிப் பொடித் துளியாக நின்று எதிர்விளக்கு வெளிச்சத்தைச் சிதறடிக்கும். புது வண்டியின் டேஷ்போர்டு வெயிலில் விடும் எண்ணெய்ப் படலம், பளபளப்புக்குத் தடவும் பாலிஷ், சிகரெட், சாமி படத்துக்கு ஏற்றும் ஊதுபத்தி, எல்லாம் கண்ணாடியில்தான் படியும். கையால் துடைத்தால் கையெண்ணெயும் சேரும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் தண்ணீரோடு சரிபாதி கலந்து ஒரு மைக்ரோஃபைபர் துணியால் துடைத்து, இன்னொரு உலர்ந்த துணியால் முடிக்க வேண்டும். உள்பக்கத்தைக் குறுக்குவாக்கிலும் வெளிப்பக்கத்தை மேலும் கீழுமாகவும் துடையுங்கள். கோடு மிச்சம் இருந்தால் அதன் திசையே எந்தப் பக்கம் என்று சொல்லிவிடும். பின்கண்ணாடியில் ஹீட்டர் கம்பிகள் இருந்தால் அவற்றின் போக்கிலேயே துடைக்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் கம்பி அறுந்துவிடும். முடித்தபின் கண்ணாடிமேல் ஊதிப் பாருங்கள். ஆவி ஒரே சீராகப் படிந்து ஒரே சீராகப் போக வேண்டும்.

வண்டியைக் கொடுக்கும்முன் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். மாலையில் மேட்டுக்கு அடியில் புதுத் தாளை வைத்து, வண்டியைக் கழுவி, மூடி நிறுத்திவிடுவோம். காலையில் தாள் காய்ந்திருந்தால் பட்டறை ஆட்கள் எல்லோரும் ஏறிக்கொண்டு பர்லியார் வரை போய் வருவோம். வண்டிக்காரரையே ஓட்டச் சொல்வோம். வேண்டுமென்றே சுற்றுக்காற்றைப் போட்டுக் கண்ணாடியை மூடவிட்டு, அவர் கையாலேயே நான்கு சுவிட்சையும் போட்டுத் தெளியவைக்கச் சொல்வோம். மலையில் தனியாக இருக்கும்போது அந்தக் கை தானாகப் போக வேண்டும். கண்ணாடி மூடினால் பதறித் துடைக்காமல் வேகத்தைக் குறைத்து, அகலமான இடம் பார்த்து நிறுத்துங்கள், ஜன்னலை இறக்குங்கள் என்றும் சொல்லி அனுப்புவோம்.

கூலி பற்றியும் தம்பிகள் கேட்பார்கள். இந்தப் பருவத்தில் வரும் வண்டிகளில் பலவற்றுக்கு எந்த பார்ட்டும் தேவைப்படாது. சுவிட்ச் தெரியாமல் வந்தவரிடம் கேஸ் சார்ஜ் பண்ணினேன் என்று வாங்குகிற ஆட்களும் தொழிலில் இருக்கிறார்கள். மேஸ்திரியின் கணக்கு வேறு. தேடியதற்கு, பிரித்ததற்கு, காயவைத்ததற்கு ஒரு ரூபாய் குறைக்காமல் வாங்குவார். அந்த நேரத்தின் விலை அவருக்குத் தெரியும். சுவிட்சை மட்டும் காட்டிக் கொடுத்த வண்டிக்குக் கூலி வாங்க மாட்டார். "சொல்லிக் கொடுத்ததுக்குக் காசு வாங்காத கண்ணு. ஆனா சொல்லிக் கொடுக்காம ஒரு வண்டியையும் மலைக்கு அனுப்பாத" என்பார். எங்கள் பட்டறையில் இன்றைக்கும் அதுதான் கணக்கு. நீங்களும் பட்டறை வைத்தால் இதே கணக்கை வைத்துக்கொள்ளுங்கள்.